சாமி பேருக்கே ஓர் அர்ச்சனை

செவ்வாய்க்கிழமை காலை, துவைத்த துணிகளை மூங்கில் கழியில் கோத்து ஜன்னலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தேன். கீழே அஞ்சடி நடைபாதையிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள். எட்டிப் பார்த்தால், சினிமாக் கொட்டகை வாசலில் கச்சாங் பூத்தே விற்கும் சுப்பையா அண்ணன். தலையில் கடலைத் தட்டு இல்லை. தட்டு இல்லாமல் அவரை நான் பார்த்ததே கிடையாது.

"தங்கச்சி, டிக்கெட்டக்கா போயிட்டாங்கம்மா. ஆஸ்பத்திரியில. விடியக்காலையில."

கழியை உள்ளே இழுத்தேனா, அப்படியே விட்டேனா என்று நினைவில்லை. சாயங்காலம் வந்து பார்த்தபோது துணியெல்லாம் அஞ்சடி ஓரத்தில் மண்ணோடு கிடந்தது.

சிராங்கூன் ரோட்டு வட்டாரத்தில் படம் பார்த்த பெண்களுக்கு டிக்கெட்டக்காவை நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. கொட்டகையின் பெண்கள் வாசலில், கறுப்புத் திரைக்கு முன்னால் நின்று, பன்னிரண்டு வருஷமாக நம் டிக்கெட்டைக் கிழித்துப் பாதியைக் கையில் கொடுத்தவர். அழுகிற பிள்ளையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு, "நீங்க போய்ப் பாருங்க, இவன் என்னோட இருக்கட்டும்" என்று நம்மை உள்ளே அனுப்பியவர். அவர் பெயர் என்னவென்று கேட்டால் நம்மில் பாதிப் பேருக்குத் தெரியாது. யாராவது கேட்டாலும், "டிக்கெட்டக்கான்னு கூப்பிடுங்க, போதும்லா" என்று சிரித்துவிடுவார். அந்தப் பெயரைத் தனக்கு வைத்துக்கொண்டதே அவர்தான் என்பது எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

நான் சினிமாவுக்குப் போகிற ஆளில்லை. சாமி படம் வந்தால் மட்டும் தலைக்குக் குளித்துவிட்டுப் போவேன். முதல் தடவை போனபோது வாசலிலேயே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டிக்கெட்டை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் என் காலைப் பார்த்தார்.

"அக்கா, உள்ள தரையில பூரா பீடித் துண்டு. செருப்பைப் போட்டுக்கிட்டுப் போங்க."

"படத்துல முருகன் வருவாரே, செருப்போட எப்படி..."

"அவரே மேக்கப் போட்டுக்கிட்டுத்தான்க்கா வர்றாரு."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. வெறுங்காலோடுதான் உள்ளே போனேன். படம் முடிந்து வந்து பார்த்தால், என் செருப்பைத் தன் ஸ்டூலுக்கு அடியில் வைத்துத் துணி போட்டு மூடியிருந்தார். "நல்ல செருப்பு. பக்தியில மறந்துட்டுப் போயிடப் போறீங்க" என்று எடுத்துக் கொடுத்தார். எங்கள் பழக்கம் அப்படித் தொடங்கியது.

வெள்ளிக்கிழமை காலையில் அவருக்குக் கொட்டகை வேலை இல்லை. இருவரும் அம்மன் கோயிலுக்குச் சேர்ந்து போவோம். என் வீட்டுக் கணக்கு நோட்டில் கோயிலுக்கென்று தனியாக ஒரு பக்கம் உண்டு. யார் யாருக்கு அர்ச்சனை, என்ன நட்சத்திரம் என்று வரிசையாக எழுதியிருக்கும். நான் பள்ளிக்கூடம் போகாதவள். பாட்டுப் புத்தகமும் மளிகை சுற்றி வந்த காகிதமும் வைத்து எழுத்துக் கூட்டிப் படித்தவள். எழுதி வைத்தால்தான் எனக்கு மனசு நிற்கும். சிநேகமான பிறகு அந்தப் பக்கத்தில் அவருக்கும் ஒரு வரி ஒதுக்கி, பெயரும் நட்சத்திரமும் கேட்டேன்.

"எனக்கு வேணாம்க்கா" என்றார்.

கோயிலில் ஐயர் தட்டை வாங்கிக்கொண்டு பெயர் கேட்பார். டிக்கெட்டக்கா தன் கணவருக்கும் மகளுக்கும் தடையில்லாமல் சொல்வார்: "மாரிமுத்து, மகம். கமலா, திருவோணம்." அதற்கு மேல் ஐயர் அவர் முகத்தைப் பார்த்தால், "மிச்சம் சாமி பேருக்கே பண்ணிடுங்க ஐயரே" என்பார். எத்தனை வெள்ளிக்கிழமை! ஒரு தடவைகூட மாறவில்லை. தனக்கென்று எதுவும் கேட்காதவர்கள் அப்படிச் செய்வது வழக்கம்தான். எனக்கு அது பெரிய துறவாகத் தெரிந்தது. பிரகாரத்தில் உட்கார்ந்திருக்கும் பெண்களிடமெல்லாம், "பக்தின்னா அவங்களைப் பாத்துக் கத்துக்கணும்" என்று சொல்வேன். அவர் எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அடக்கம் என்று நினைத்துக்கொள்வேன்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அந்தக் கொலைகாரன் படம் வந்தது. பெண்கள் எல்லாரும் அதைப் பெட்டிப் படம் என்றுதான் சொன்னோம். கப்பலில் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவன் ஊரில் கொலை செய்துவிட்டுத் தப்பி ஓடுகிறவன். மற்றவன் சின்ன வயசில் வீட்டை விட்டுப் போய், பதினைந்து வருஷம் கழித்துத் தாயிடம் திரும்புகிறவன். கொலைகாரன் அவனைக் கடலில் தள்ளிவிட்டு, அவன் தகரப் பெட்டியையும் பெயரையும் எடுத்துக்கொண்டு அந்தத் தாயின் வீட்டில் மகனாகப் போய் இறங்குகிறான். செத்தவன் சட்டையைப் போடுகிறான். அவன் கடிதங்களைப் பாடம் பண்ணுகிறான். அவன் இடதுகைக்காரன் என்று தெரிந்து இடது கையால் எழுதிப் பழகுகிறான். நாளாக ஆக, நடிக்கிறோம் என்பதே அவனுக்கு மறந்து போகிறது. சந்தையில் பழைய கூட்டாளி ஒருவன் இவனுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கத்துகிறான். இவன் திரும்பவில்லை. பயத்தினால் அல்ல, அது தன்னுடைய பெயர் என்றே அவனுக்குத் தோன்றவில்லை.

படம் வாரக்கணக்கில் ஓடியது. டிக்கெட்டக்கா முகம் வாடிக்கொண்டே போனது. நின்று நின்று வந்த கால் வீக்கத்தால் என்று நினைத்தேன். ஒரு வெள்ளிக்கிழமை கோயிலை விட்டு வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"அக்கா, நீங்க அந்தப் படத்தை ஒரு தடவை பாக்கணும்."

"கொலைப் படமா? ஐயோ, என்னை விட்டுடுங்க."

"தெனமும் மூணு ஆட்டம் வெளிய நின்னு கேக்கிறேன். வசனம் பூரா மனப்பாடம். ஆனா கடைசியில ஒரு நிமிஷம் சத்தமே வர்றதில்ல. அப்புறம் பாத்தா பொம்பளைங்க எல்லாம் மூக்கைச் சிந்திக்கிட்டு வர்றாங்க. அந்த நேரம் நான் கதவுகிட்ட நிக்கணும், எட்டிப் பாக்க முடியாது. உள்ள என்னதான்க்கா நடக்குது?"

"வர்றவங்களைக் கேட்டா சொல்ல மாட்டாங்களா?"

"கேட்டேன். 'பாவம்'ங்கிறாங்க. யாரு பாவம்னு சொல்ல மாட்டேங்கிறாங்க. நீங்க சாமி கும்பிடுறவங்க. நீங்க பாத்துச் சொன்னா சரியா இருக்கும்."

வியாழக்கிழமை மத்தியான ஆட்டத்துக்குப் போனேன். கடைசியில் போலீஸ் வாசலில் வந்து நிற்கிறது. தாய்க்கு எல்லாம் தெரிந்துவிட்டது. அவள் அவனைத் திட்டவில்லை. "உன்னைப் பெத்தவ உனக்கு வெச்ச பேரு என்னடா?" என்று கேட்கிறாள். படம் முழுக்க அடித்த வாத்தியமெல்லாம் நின்றுவிடுகிறது. அவன் வாய் அசைகிறது, சத்தம் இல்லை. தாய் அந்தப் பெயரைச் சொல்லி அவனைக் கூப்பிடுகிறாள். அதுவும் நமக்குக் கேட்காது. சந்தையில் நாம் கேட்ட பெயர்தான், ஆனாலும் அந்த இடத்தில் அது அவர்கள் இரண்டு பேருக்கு மட்டும். அவன் திரும்பிப் பார்க்கிறான். விலங்கு மாட்டுகிறார்கள். விளக்கு எரிகிறது.

கூட்டம் கலைந்ததும் வாசல் திரைக்கு வெளியே வந்து, பார்த்ததைச் சொன்னேன். கிழித்த டிக்கெட்டுகளைக் கையில் அடுக்கிக்கொண்டே கேட்டார்.

"கூப்பிட்டதும் திரும்பினானா?"

"திரும்பினான்."

"அப்ப அவன் பேரு அவனுக்குக் கிடைச்சிடுச்சு."

எனக்குப் படத்தின் மேல் ஆத்திரம். "கிடைச்சா என்ன? செத்தவன் பேரைத் திருடிச் சாப்பிட்டவன். அந்தப் பேரைச் சொல்லிக்கிட்டுக் கோயில்ல வேற போய் நிக்கிறான். அவனுக்கெல்லாம் சாமி முன்னால நிக்க என்ன யோக்கியதை இருக்கு?" என்றேன்.

"சரிக்கா" என்றார். அடுத்த ஆட்டத்துக்கு மணி அடித்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை அவர் கோயிலுக்கு வரவில்லை. அதற்கு அடுத்த வாரமும் இல்லை. சுப்பையா அண்ணனிடம் சொல்லி அனுப்பினேன். "காலு வலியாம்" என்று பதில் வந்தது. ஒரு மாதத்துக்கு மேல் ஆயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எல்லாரும் புது அடையாளக் கார்டு எடுக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நான் போனபோது சமூக நிலையத்துக்கு வெளியே நீள வரிசை. அவர் வெகு முன்னால் நின்றார். பார்த்துக்கொண்டே இருக்கிறேன், தனக்குப் பின்னால் நிற்கிறவரை "நீங்க போங்க" என்று முன்னால் விடுகிறார். அடுத்தவரையும் விடுகிறார். அப்படியே நான் அவருக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டேன்.

"நம்மளை எல்லாம் வரிசையில தள்ளி உள்ள அனுப்புறவங்க, இன்னிக்கி அவங்களே உள்ள போகப் பயப்படுறாங்க பாருங்க" என்று ஒரு பெண் கேலி செய்தாள். எல்லாரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனார்.

வெளியே வந்தபோது கட்டைவிரல் மையை முந்தானையில் துடைத்துக்கொண்டே இருந்தார். தோல் சிவந்துவிட்டது. நான் கையைப் பிடித்து நிறுத்தினேன். பக்கத்துக் காப்பிக் கடையில் ஒரு மூலையில் உட்கார்ந்து இரண்டு தே சொன்னோம். அவர் விரலை மேசைமேல் வைத்தார்.

"விரல் என்னோடதுக்கா. பேரு எங்கக்காவோடது."

அன்று அவர் சொன்னது இதுதான். அவர் கணவர் மாரிமுத்து அண்ணனுக்கு முதலில் கட்டிக்கொடுத்தது அவருடைய அக்கா தெய்வானையை. அண்ணன் இங்கே துறைமுகத்தில் வேலை பார்த்தார். மனைவியை அழைத்துக்கொள்ள அனுமதித் தாள் எடுத்து அனுப்பினார். கப்பலுக்குப் பெட்டி கட்டிய வாரத்தில் தெய்வானை காய்ச்சலில் படுத்தாள். ஐந்தாம் நாள் அவள் இல்லை. அப்படி ஒரு தாள் மறுபடி கிடைப்பது சுலபமில்லை. அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே முகச்சாயல். பதினேழு வயசுத் தங்கை, இருபத்தைந்து வயசு அக்காவின் தாளையும் பெட்டியையும் எடுத்துக்கொண்டு கப்பல் ஏறினாள். இங்கே வந்து இறங்கிய பிறகு, வீட்டுக்குள் சாமி படத்துக்கு முன்னால் அண்ணன் தாலி கட்டினார். தாளில் ஏற்கெனவே மனைவி. ஊரைக் கூட்டிக் கல்யாணம் பண்ண முடியுமா?

"படத்துல அவன் கொன்னுட்டு எடுத்தான். நான் கொல்லல. அவ்வளவுதான்க்கா வித்தியாசம்" என்றார். "எங்கம்மா என்னைக் கப்பல் ஏத்திவிட வந்தா. கப்பல் நகர்றப்ப 'தெய்வானை, தெய்வானை'ன்னு கத்தினா. பக்கத்துல நிக்கிறவங்க கேக்கணும்ல? எனக்கும் பழகணும்ல? அவ என்னைக் கடைசியாக் கூப்பிட்டது அதுதான். கடிதாசியிலயும் அந்தப் பேருதான் எழுதினா. அப்படியே போயும் சேந்துட்டா."

"அண்ணன்?"

"அவரு ரெண்டு பேரையும் சொல்ல மாட்டாரு. 'இந்தா'ன்னுதான் கூப்பிடுவாரு. எந்தப் பேரைச் சொன்னாலும் அவருக்கு ஒருத்தி ஞாபகம் வருமில்ல."

ஒரு தடவை ஊர்க்காரி ஒருத்தி கொட்டகை வரிசையில் நின்று அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாளாம். இவர் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்து உள்ளே அனுப்பிவிட்டார். ஆள் மாறிவிட்டது என்று அவளும் போய்விட்டாள். "பயந்துக்கிட்டுத் திரும்பாம இருக்கலக்கா. என்னைத்தான் கூப்பிடுறான்னு எனக்கே படல. அன்னிக்கி வீட்டுல போய் அழுதேன். அந்தச் சந்தை வசனம் வர்றப்பல்லாம் கிழிச்ச டிக்கெட்டை எடுத்து எண்ண ஆரம்பிச்சிடுவேன்."

அப்புறம் கோயில் பற்றிச் சொன்னார். "சாமிகிட்டப் பொய்ப் பேரைக் குடுக்க முடியல. நெசப் பேரைச் சொன்னா நாலு பேரு காதுல விழும். கமலாவோட தாள்ல எல்லாம் அம்மா பேரு தெய்வானைதானே? அதான் சாமி பேருக்கேன்னு விட்டுட்டேன். நீங்க அதைப் பெருசாப் பேசுறப்ப எனக்கு உடம்பு கூசும்."

கொட்டகை வாசலில் நான் பேசியது எனக்கு நினைவு வந்தது. தேத்தண்ணீர் ஆறி மேலே ஏடு கட்டிவிட்டது. மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"உன் பேரு என்ன?"

அதுவரை நான் அவரை நீங்கள் என்று தவிர வேறு மாதிரி கூப்பிட்டதில்லை. அவர் சுற்றிப் பார்த்தார். பக்கத்து மேசையில் இரண்டு கிழவர்கள் காய் நகர்த்தித் தாம் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள்.

"செண்பகம். பூச நட்சத்திரம்."

"செண்பகம்" என்று கூப்பிட்டேன். நிமிர்ந்து பார்க்க அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது.

இனி இந்தக் கட்டுரையில் என்னால் அவர் என்று எழுத முடியாது. எல்லாரும் அக்கா என்று கூப்பிட்டவள், என்னைவிட எட்டு வயசு சின்னவள். அவள் என்னை அக்கா என்றது மரியாதைக்காக அல்ல. அன்றுமுதல் தனியாக இருக்கும்போது அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். "ஏன்டி செண்பகம், காலு இப்படி வீங்கியிருக்கே, டாக்டர்கிட்டப் போனியா இல்லையா?" என்று கத்தினால், "இன்னொரு தடவை திட்டுங்கக்கா" என்பாள். தேக்கா மார்க்கெட்டில் மீன்காரன் சத்தத்துக்கு நடுவே, யாருக்கும் கேட்காது என்று தெரிந்து, பெயரைச் சொல்லச் சொல்லி என்னை இடிப்பாள். நான் சொன்னால் அடுத்த கடைவரைக்கும் சிரித்துக்கொண்டே வருவாள்.

ஆனால் அர்ச்சனைக்கு மட்டும் ஒப்பவில்லை. "கமலா படிச்சு முடிக்கட்டும். அவ தாளெல்லாம் அவ கைக்கு வரட்டும். அப்புறம் ஒரு தைப்பூசத்துல, அத்தனை கூட்டத்துலயும் நானே வாயைத் திறந்து என் பேரைச் சொல்றேன்" என்றாள்.

"அதுவரைக்கும் உன் வரியை வெறுமையாவே வெச்சிருக்கவா?"

"வெச்சிருங்க. முந்திப் போயிட்டேன்னா ஒண்ணு மட்டும் செய்ங்க. சடங்கு பண்ற பண்டாரம் பேரு கேக்கிறப்ப நீங்க சொல்லிடணும். எங்கக்கா பேருல என்னை எரிச்சிடாதீங்க. அவ ஏற்கெனவே ஒரு தடவை எரிஞ்சவ."

சத்தியம் பண்ணிக் கொடுத்தேன். சிறுநீரகம் கெட்டுவிட்டது என்று ஆஸ்பத்திரியில் சொன்னது இந்த வருஷம்தான். ஸ்டூல் இருந்தும் உட்காராமல் நின்றே வேலை பார்த்தவள். கால் வீக்கத்தை நின்றதால் வந்தது என்றே கடைசிவரை சொன்னாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் துறைமுகக் குடியிருப்பில் அவள் வீட்டு வாசலில் அவ்வளவு கூட்டம். மஞ்சள் பூசி, பெரிய பொட்டு வைத்துக் கிடத்தியிருந்தார்கள். பண்டாரம் சொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, "அம்மா பேரு, நட்சத்திரம் சொல்லுங்க" என்றார்.

கமலாதான் சொன்னாள். "தெய்வானை." நட்சத்திரம் தெரியாமல் அப்பாவைப் பார்த்தாள்.

நான் இரண்டு அடி முன்னால் வந்தேன். அத்தனை பேர் முன்னால், அந்தப் பிள்ளை காதில் முதல் தடவையாக இது இப்படியா விழ வேண்டும்? வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லை. உண்மையாகவே வரவில்லை. பண்டாரம் அந்தப் பெயரைச் சொல்லி மந்திரத்தைத் தொடங்கிவிட்டார்.

"நிறுத்துங்க" என்றார் மாரிமுத்து அண்ணன். சுவரோரம் குந்தியிருந்தவர் எழுந்து வந்தார். "அவ பேரு செண்பகம். பூசம்."

"பாவம், மனுஷன் நிலைதப்பிட்டாரு" என்று எனக்குப் பின்னால் யாரோ சொன்னார்கள். அவரோடு துறைமுகத்தில் வேலை செய்யும் பங்காளி ஒருவர் வந்து தோளைப் பிடித்தார். அண்ணன் அந்தக் கையை விலக்கிவிட்டுக் கீழே மண்டியிட்டார். பதினாறு வருஷமாக "இந்தா" என்று மட்டுமே கூப்பிட்டவர், அவள் காதருகே குனிந்து, "செண்பகம்" என்றார். பண்டாரத்துக்குச் சொல்கிற மாதிரி அல்ல. அடுக்களையில் இருக்கிறவளைக் கூப்பிடுகிற மாதிரி. பிறகு கொஞ்சம் காத்திருந்தார்.

பண்டாரம் மறுபடி முதலிலிருந்து தொடங்கினார். என் சத்தியத்தை நான் காப்பாற்றவில்லை. காப்பாற்றியவர் அவர்.

கமலா என்னைப் பெரியம்மா என்றுதான் கூப்பிடுவாள். பதினாறாம் நாள் முடிந்ததும், "செண்பகம் யாரு பெரியம்மா?" என்று கேட்டாள். அண்ணனும் நானும் சேர்ந்து சொன்னோம். விரல்விட்டுக் கணக்குப் போட்டாள். அப்புறம், "அப்படின்னா அம்மாவுக்கு வயசு முப்பத்து மூணுதானா?" என்று கேட்டுவிட்டு அழுதாள். இதை எழுதலாமா என்று அண்ணனிடம் கேட்டேன். "எழுதுங்கம்மா. ஒளிச்சது போதும். அக்காக்காரிக்கும் இங்க யாரும் அழலியே" என்றார். கமலாவும் தலையசைத்தாள்.

போன வெள்ளிக்கிழமை கமலாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போய் மோட்ச விளக்கு ஏற்றினேன். இரண்டு விளக்கா என்று ஐயர் கேட்டார். அக்காளுக்கு ஒன்று, தங்கைக்கு ஒன்று என்றேன். பெயர்களைக் கமலா சொன்னாள், பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் கேட்கும்படி.

கொட்டகை வாசலில் அவள் கிழித்துக் கொடுத்த பாதியைக் கையில் பிடித்துக்கொண்டு உள்ளே போன பெண்களே, இனி அவளை நினைக்கும்போது செண்பகம் என்று நினையுங்கள். அவள் கேட்டது அவ்வளவுதான்.

என் நோட்டில் அவளுக்கென்று ஒதுக்கிய வரி இன்னும் வெறுமையாகவே இருக்கிறது. அர்ச்சனைப் பக்கம் உயிரோடு இருப்பவர்களுக்கானது. அதில் இனி அவளை எழுத முடியாது. அடிக்கவும் மனசு வரவில்லை. வெள்ளிக்கிழமைதோறும் வீட்டார் பெயர்களை ஒவ்வொன்றாக ஐயரிடம் படித்துக்கொண்டே வருவேன். அந்த வரி வந்ததும் நிறுத்திவிட்டு, சத்தமில்லாமல் வாயை மட்டும் அசைப்பேன்.